இருப்பு

என் நோட்டுப் புத்தகத்தில் 2024 மே 5, 6, 7 என்று தேதி போட்டு மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனிப் பக்கத்தில், சுற்றிலும் வெற்றிடம் விட்டு, கவிதை வரிகளைப் பிரதி செய்யும் பாவனையில் எழுதப்பட்டவை.

தாமிரபரணி வீட்டுக்குள்ள வந்து உக்காந்திருக்கு. அதுக்கு ஒரு பாய் போடு.

பேரேட்டுல தண்ணி ஏறி எழுத்தெல்லாம் ஓரமா ஒதுங்கிட்டு.

சுவத்துல இருக்க ஆணியெல்லாம் எம் பேரச் சொல்லுது.

நான் எழுதியவை அல்ல. என் அப்பா சொன்னவை. இவற்றைப் பற்றி எழுதலாமா கூடாதா என்று வெகுநாள் யோசித்தேன். எழுதினால் என்னைப் பற்றித்தான் எழுதவேண்டியிருக்கும் என்பது தெரிந்ததால் தள்ளிப்போட்டேன் என்பது வாஸ்தவம்.

அப்பா திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு ஜவுளிக்கடையில் 38 வருஷம் கணக்கு எழுதியவர். நாளேடு, பேரேடு, ஐந்தொகை. அவர் உவமை சொல்லி நான் கேட்டதில்லை. வெயில் அதிகமாக இருந்தால் 'வெயில் அதிகம்' என்பார். இந்தப் பத்திரிகை வீட்டுக்கு வரும்போது முதலில் எடுத்துப் புரட்டுகிறவர் அவர்தான். சந்தாவும் நன்கொடையும் அச்சாகியிருக்கும் கடைசிப் பக்கத்துக்கு நேராகப் போய்க் கூட்டிப் பார்ப்பார். ஒரு தடவை 40 ரூபாய் இடித்தது. ஆசிரியருக்குக் கார்டு போடச் சொன்னார். கவிதைப் பக்கங்களைப் பார்த்து, 'இதுல யாரு யாருக்குப் பாக்கி?' என்று ஒருமுறை கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையான சந்தேகம்.

அப்படிப்பட்டவர் தமது 74-ஆம் வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஈஸிசேரில் கிடந்தபடி, ஆறு வீட்டுக்குள் வந்திருப்பதாகவும் அதை நிற்கவைத்தே பேசுவது மரியாதை இல்லை என்பது போலவும் பாய் போடச் சொன்னால், என்னைப் போன்றவன் என்ன செய்வான்? எழுதி வைத்துக்கொண்டேன். எழுதியதோடு விடவில்லை. இந்தப் பக்கங்களில் எழுதுகிற நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். 'அட' என்றார். வயோதிகத்தில் தர்க்கத்தின் பிடி தளரும்போது மொழி தன் ஆதி நிலைக்குத் திரும்புவது பற்றி இருவரும் இருபது நிமிஷம் பேசினோம். அந்த மூன்று நாட்களும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை ஒளிக்க முடியாது. வாழ்நாள் முழுதும் எண்களோடு மட்டும் பேசிய மனிதருக்குள் இப்படி ஒரு ஊற்று இருந்ததே, கடைசியில் அது கண் திறந்ததே என்று ஒரு பூரிப்பு. அதில் கொஞ்சம் கர்வமும் கலந்திருந்தது: எனக்கு இது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதல்லவா என்பது மாதிரி.

அம்மா மட்டும் திங்கட்கிழமையே சொன்னாள். 'ஏய்யா, உங்கப்பா இப்படிப் பேசுற ஆளா? எனக்கு ஒரு மாதிரியா இருக்கு.' 'வயசாயிட்டுல்லாம்மா, நீ சும்மா இரு' என்றேன்.

8-ஆம் தேதி விடியற்காலம் எழுந்து வந்து என் கட்டிலருகே நின்றவர், என்னைச் சித்தப்பா பேர் சொல்லிக் கூப்பிட்டு, கடைச் சாவியைக் கேட்டார். சித்தப்பா போய் 11 வருஷம் ஆகிறது. கால் தடுமாறியது. வேட்டி நனைந்திருந்தது. அதற்கு மேல் அது கவிதையாக இல்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சோடியம் லிட்டருக்கு 112 மில்லிமோல். 135-லிருந்து 145-க்குள் இருக்கவேண்டியது. பணியிலிருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். 'ரெண்டு மூணு நாளா பேச்சில ஏதாவது வித்தியாசம் இருந்துச்சா?' என்று கேட்டார். 'இருந்துது' என்று அம்மா சொன்னாள். நோட்டுப் புத்தகம் என் ஜோல்னாப் பையில் இருந்தது.

அன்று ராத்திரி அந்த டாக்டர் ஒரு பரிசோதனைச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டு விளக்கியதுதான் ஆரம்பம். அதற்குப் பிறகு அகப்பட்டதையெல்லாம் படித்தேன். ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு உடற்கூறு எவ்வளவு புரியுமோ அவ்வளவு புரிந்தது. ஆனாலும் சொல்லவேண்டும், இந்த விஷயத்தைச் சொல்லாமல் அந்த மூன்று வரிகளைப் பற்றிப் பேச முடியாது.

அறுபது கிலோ எடையுள்ள வயதான ஒருவரின் உடம்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர். முப்பது லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள்ளே அடைபட்டிருக்கிறது. மீதி வெளியே; அதிலும் ரத்தத்தின் திரவப் பகுதியாக நாளங்களில் ஓடுவது சுமார் 3 லிட்டர்தான். செல்லுக்கு வெளியே சோடியம், உள்ளே பொட்டாசியம். நடுவிலுள்ள சவ்வு உப்பை இஷ்டத்துக்குப் போகவிடாது, தண்ணீரை விடும். வெளியே உப்பின் செறிவு குறைந்தால் தண்ணீர் உள்ளே போகும், செல் ஊதும். கையில் காலில் ஊதினால் பெரிய பாதகமில்லை. மூளை மண்டையோட்டுக்குள் இருக்கிறது. எலும்பு இடம் கொடுக்காது.

செல்கள் வாழ்வது வெளி உலகத்தில் அல்ல, உடம்பு தனக்குள் வைத்திருக்கும் திரவச் சூழலில்தான் என்று 19-ஆம் நூற்றாண்டில் க்ளாட் பெர்னார் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டு சொன்னார். அந்த உட்சூழல் மாறாமல் இருப்பதே சுதந்திரமான வாழ்வுக்கு நிபந்தனை என்பது அவர் முடிபு. அமெரிக்கரான வால்டர் கேனன் 1926-இல் இதற்கு ஹோமியோஸ்டாஸிஸ் என்று பேர் வைத்தார். கிரேக்கத்தில் 'ஒரே மாதிரி நிற்றல்' என்கிற மாதிரி அர்த்தம். பேர் கொஞ்சம் ஏமாற்றக்கூடியது. நிற்பது எதுவும் அங்கே இல்லை.

கறிக்கடையில் குண்டிக்காய் என்று கேட்டு வாங்குகிறோமே, மனிதனுக்குள் அது இரண்டு, ஒவ்வொன்றும் சுமார் 150 கிராம். ரத்தத்திலுள்ள அழுக்கைத் தேடிப் பிடித்து வெளியே தள்ளும் உறுப்பு என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம். நடப்பது அதற்கு நேர்மாறு. நிமிஷத்துக்கு 125 மில்லி வீதம், நாளொன்றுக்கு 180 லிட்டர் திரவத்தை, நல்லது கெட்டது பாராமல் வடித்து வெளியே கொட்டிவிடுகிறது. இருக்கும் 3 லிட்டர் ஒரே நாளில் 60 தடவை வெளியே போகிறது என்று பொருள். கூடவே ஒன்றரைக் கிலோ உப்பு. பிறகு, ஒவ்வொன்றிலும் உள்ள சுமார் பத்து லட்சம் நுண்குழாய்கள் வழியாக, வேண்டியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்கிறது. தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு, சர்க்கரை முழுக்க, உப்பில் சாப்பிட்ட அளவு நீங்கலாக அனைத்தும். எஞ்சியது ஒன்றரை லிட்டர் சிறுநீர். எதைத் தள்ளுவது என்று அதற்கு ஜாபிதா கிடையாது. எதை வைத்துக்கொள்வது என்பதற்குத்தான் உண்டு. புதிதாக, முன்பின் கண்டிராத ஒரு பொருள் உள்ளே வந்தால்கூட, அதைத் திரும்ப அழைக்க யாரும் இல்லாததால் அது வெளியே போய்விடும். நம் விமர்சகர்கள் குற்றம் தேடுவதையே தொழிலாக வைத்திருக்கிறோம். இப்படி எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டு, இது இல்லாமல் முடியாது என்பதை மட்டும் உள்ளே எடுத்துவரும் முறை நமக்குத் தோன்றவில்லை. (என்னைச் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

ஏன் இந்தச் சுற்றுவழி என்பதற்கு ஹோமர் ஸ்மித் என்பவர் ஒரு கதை சொல்கிறார். சிறுநீரகத்துக்காகவே ஆயுளைச் செலவிட்டவர். 1953-இல் வெளியான அவர் புத்தகத்தின் பெயர், மீனிலிருந்து தத்துவவாதி வரை என்ற பொருள் தருவது. ஆதி மீன்கள் நன்னீருக்கு வந்தபோது உடம்புக்குள் ஓயாமல் புகும் தண்ணீரை இறைத்துக் கொட்ட ஏற்பட்ட ஏற்பாடு இந்த வடிகட்டி என்பது அவர் வாதம். பிற்பாடு நிலத்துக்கு ஏறிய பிராணிகளுக்குத் தண்ணீர் அருமையாகிவிட்டது. ஆனால் பழைய இறைவையைத் தூக்கி எறிய வழியில்லை. அது பாட்டுக்கு இறைத்துக்கொண்டே இருக்க, இறைத்ததைத் திரும்ப அள்ளும் வேலையும் சேர்ந்துகொண்டது. எல்லோரும் ஒப்புக்கொண்ட வாதம் அல்ல. எனக்குப் பிடித்திருக்கிறது. மரபு என்று நாம் பேசுவதெல்லாம் இப்படித்தான் வேலை செய்கிறது என்று தோன்றுகிறது. ஆனால் அது வேறு கட்டுரை.

திரும்ப அள்ளுவதில் எவ்வளவு என்று சொல்கிறவை ஹார்மோன்கள். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற இடத்தில் சில நரம்புச் செல்கள் ரத்தத்தின் செறிவை ஓயாமல் அளந்துகொண்டிருக்கின்றன. நூற்றுக்கு ஒரு பங்கு கூடினாலும் அவற்றுக்குத் தெரிந்துவிடும். உடனே வாஸோப்ரெஸ்ஸின் என்ற பொருளை ரத்தத்தில் விடுகின்றன. அது ஒன்பதே கண்ணிகள் கொண்ட ஒரு சின்னச் சங்கிலி. அது சிறுநீரகத்தின் கடைசிக் குழாய்க்கு வந்து சேர்ந்ததும், குழாயின் சுவரில் தண்ணீருக்கான கதவுகள் வந்து பொருந்துகின்றன. வெளியேறவிருந்த தண்ணீர் உள்ளே திரும்புகிறது. இந்தக் கதவுகளின் குடும்பத்தைப் பீட்டர் ஏகர் 1992-இல் இனம் கண்டார். வேறு எதையோ தேடும்போது அகப்பட்டது. 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது. தண்ணீர் அதிகமானால் வாஸோப்ரெஸ்ஸின் நின்றுவிடும். கதவுகள் சுவரை விட்டு உள்ளே விலகும். தண்ணீர் போய்விடும். ஒரு செம்பு தண்ணீரை மடமடவென்று குடித்தவன் ஒரு மணி நேரத்தில் எழுந்து போகிறானே, நடுவில் நடந்தது இவ்வளவு.

உப்புக்கு இலாகா வேறு. ரத்தத்தின் அளவோ அழுத்தமோ குறைந்தால் சிறுநீரகமே ரெனின் என்ற ஒன்றை விடுகிறது. 1898-இலேயே டைகர்ஸ்டெட் என்பவர் முயல்களிடம் கண்டுபிடித்தது. அது கல்லீரல் தயாரித்த ஒரு புரதத்தை வெட்டும். வெட்டிய துண்டை நுரையீரல் இன்னொருமுறை வெட்டும். அந்தத் துண்டு நாளங்களை இறுக்கும், தாகத்தைக் கிளப்பும், சிறுநீரகத்தின் தலைமேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிடம் போய் ஆல்டோஸ்டிரோனை வாங்கும். ஆல்டோஸ்டிரோன் உப்பைத் திரும்பப் பிடிக்கும். எங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பு மேஜை மேஜையாகப் போய்க் கையெழுத்து வாங்கி வருவதற்கு ஆகும் காலம் இதற்கு ஆவதில்லை. மறுபக்கம், ரத்தம் மிகுந்து இதயத்தின் மேலறைகள் விரிந்தால், இதயமே ஒரு ஹார்மோனைச் சுரந்து உப்பை வெளியே அனுப்பச் சொல்கிறது. 1981-இல் டி போல்ட் என்பவர் எலிகளிடம் காட்டும்வரை இதயம் வெறும் பம்பு என்றே எண்ணப்பட்டது. கவிஞர்கள் அதன்மேல் ஏற்றிவைத்த சுமை போதாதென்று இதுவும்.

செறிவு ஒரு கணக்கு, அளவு ஒரு கணக்கு. சாதாரணமாக இரண்டும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாதபோது, ரத்தத்தின் அளவு கணிசமாகக் குறைந்துவிட்டதென்றால், உடம்பு அளவின் பக்கம் நிற்கிறது. செறிவைக் காவு கொடுக்கிறது. ஏற்கனவே நீர்த்துப்போன ரத்தத்திலும் வாஸோப்ரெஸ்ஸினை விட்டு இன்னும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்பின் ஞானம் என்று கேனன் 1932-இல் தன் புத்தகத்துக்குப் பேர் வைத்தார். இந்த இடத்தில் அந்த ஞானம் எனக்குப் பயமாக இருக்கிறது. ஓட்டம் நிற்கக்கூடாது என்பதற்காக மூளையைப் பணயம் வைக்கிற ஞானம்.

அப்பாவுக்கு நடந்ததில் என் பங்கு என்ன என்பதற்கு வருகிறேன்.

ரத்த அழுத்தத்துக்காக இரண்டு வாரம் முன்புதான் ஒரு மாத்திரை ஆரம்பித்திருந்தார். சிறுநீரை அதிகமாக்கும் வகை. கோடிக்கணக்கானவர்களுக்கு நன்மை செய்திருக்கிற பழைய மருந்து. அது சிறுநீரகக் குழாயில் உப்பைத் திரும்பப் பிடிக்கும் ஓரிடத்தை அடைக்கிறது. சிறுநீர் நீர்த்துப்போவதும் அந்த இடத்தில்தான். ஆகவே மிகுதித் தண்ணீரை மட்டும் தனியாகப் பிரித்து அனுப்பும் சாமர்த்தியம் குறைந்துபோகிறது. சிலருக்கு, முக்கியமாக மெலிந்த, வயதான உடம்புகளில், அதுவும் முதல் இரண்டொரு வாரங்களில், இது வினையாகிறது. மாத்திரை அந்த ஒன்று. மற்ற இரண்டும் நான்.

உப்பைக் குறைக்கச் சொன்னதும் நான் அதை ஒரு கொள்கையாக எடுத்துக்கொண்டேன். குறைப்பது என்றால் என்ன, நிறுத்திவிடுவது என்று அம்மாவிடம் சண்டை போட்டு, ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றையும் ஒழித்தேன். மோரில் உப்பில்லை. ரசத்தில் இல்லை. பல்லும் சரியில்லாததால் அப்பா இரண்டு வேளை கஞ்சியோடு நிறுத்திக்கொண்டார். அப்புறம் கத்திரி வெயில் ஆரம்பித்தது. வங்கியில் யாரோ சொன்னார்கள், வயதானவர்களுக்குத் தாகம் தெரியாது, நாம்தான் குடிக்கவைக்கவேண்டும் என்று. அது உண்மையும்கூட. ஒரு லிட்டர் பாட்டில்கள் மூன்றை வரிசையாக வைத்து, ராத்திரிக்குள் காலியாக வேண்டும் என்று உத்தரவு போட்டேன். அப்பா கணக்குப்பிள்ளை அல்லவா. மூன்று என்றால் மூன்று. தவறாமல் காலி செய்தார்.

சிறுநீரகம் வெறும் தண்ணீரை வெளியே விடாது என்பது எனக்குத் தெரியாது. எவ்வளவுதான் நீர்த்தாலும் லிட்டருக்கு இவ்வளவு உப்பும் யூரியாவும் என்று ஒரு குறைந்தபட்சம் உண்டு. உப்பில்லாத கஞ்சியில் அதற்கு வழி ஏது? தண்ணீர் போகவும் உப்பு வேண்டும். 'உப்புச்சப்பில்லாதது' என்று எத்தனை தொகுப்புகளை எத்தனை மதிப்புரைகளில் தீர்த்திருக்கிறேன். அந்த வார்த்தையை இப்போது எழுதக் கை வருவதில்லை.

மருத்துவம் எளிது என்றுதான் நினைத்தேன். உப்புக் குறைந்தது, உப்பை ஏற்றவேண்டும். கவுண்டரில் ரொக்கம் குறைந்தால் அன்று சாயங்காலமே கைப்பணத்தைப் போட்டு நேர்செய்கிறோம். இங்கே அது கூடாதாம். மூன்று நாலு நாட்களாகக் குறைந்திருந்ததால், மூளைச் செல்கள் வீக்கத்தைத் தவிர்க்கத் தங்களுக்குள்ளிருந்த கரைபொருள்களைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டு, அந்தக் குறைந்த உலகத்துக்குத் தங்களைப் பழக்கிக்கொண்டிருக்கும். திடீரென்று வெளியே செறிவை ஏற்றினால் அவை சுருங்கி, நரம்புகளின் உறை சிதைந்துவிடும். பேச்சும் கைகாலும் போகலாம். 1959-இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இந்தச் சேதத்துக்கு அவசரமான வைத்தியமே காரணமாகலாம் என்பது பல வருஷம் கழித்துத்தான் தெளிவாயிற்று. 24 மணி நேரத்தில் 8-க்கு மேல் ஏறக்கூடாது என்றார் டாக்டர்.

முதல் நாள் ராத்திரி அதுதான் நடக்கப் பார்த்தது. மாத்திரையை நிறுத்தி, செறிவான உப்புநீரைக் கொஞ்சமாக ஏற்றியிருந்தார்கள். பத்து மணிக்குமேல் சிறுநீர்ப் பை மளமளவென்று நிரம்பத் தொடங்கியது. தண்ணீர் மாதிரித் தெளிவாக. நான் நல்ல அறிகுறி என்று நினைத்து நர்ஸிடம் சிரித்தேன். அவர் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தார். ரத்தத்தில் 118. அளவு சரியாகிவிட்டது என்று தெரிந்ததும் உடம்பு வாஸோப்ரெஸ்ஸினை நிறுத்தி, பிடித்து வைத்திருந்த தண்ணீரையெல்லாம் ஒரேயடியாகத் திறந்துவிட்டிருக்கிறது. தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் வேகம்தான் இப்போது ஆபத்து. என்ன செய்தார்கள் தெரியுமா? வாஸோப்ரெஸ்ஸினை ஒத்த ஒரு செயற்கை மருந்தை ஊசியில் போட்டு, கதவுகளைத் திரும்பச் சுவரில் பொருத்திவிட்டார்கள். முந்தின நாள்வரை கேடு செய்த அதே காரியத்தைக் கையால் செய்து, மனிதரைக் கொஞ்சநேரம் அந்தக் கேட்டிலேயே நிறுத்திவைத்தார்கள். மறுநாள் காலை 119. அதற்கடுத்த நாள் 126. பிறகு 131. ஐந்தாம் நாள் 134.

அந்த ஐந்து ராத்திரிகளில், வராந்தா பெஞ்சில், எனக்கு ப்ரெத்தோன் ஞாபகமாகவே இருந்தது. 1924-இல் சர்ரியலிஸ அறிக்கை எழுதிய ஆந்த்ரே ப்ரெத்தோன் முதலில் வைத்தியம் படித்தவர். 1916-இல், யுத்தத்தின் நடுவில், ஸேன் திஸியே என்ற ஊரில் மனம் குலைந்த சிப்பாய்களுக்கான ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். போர்முனையிலிருந்து வந்தவர்களின் பிதற்றலில் இருந்த படிமங்களின் வீச்சு அவரைப் பிரமிக்கவைத்தது. அவற்றைக் குறித்து வைத்து நண்பர்களுக்கு எழுதினார். நவீன கவிதையின் ஒரு பெரிய கிளை அந்த வார்டிலிருந்து புறப்பட்டது என்று சொன்னால் ரொம்பவும் மிகையாகாது. இந்தக் கதையைப் பல தடவை உற்சாகமாக எழுதியும் பேசியும் இருக்கிறேன். அந்தச் சிப்பாய்களின் வீட்டாரைப் பற்றி ஒரு தடவைகூட எனக்குத் தோன்றியதில்லை. எலியட்டைப் பற்றியும் யோசித்தேன். வங்கி உத்தியோகம் காரணமாக நண்பர்கள் என்னை அவரோடு சேர்த்துக் கேலி செய்வதுண்டு. 1917 முதல் 1925 வரை லாயிட்ஸ் வங்கியில் இருந்தவர், கவிஞனின் மனத்தை 1919-இல் பிளாட்டினத் துண்டுக்கு ஒப்பிட்டார்: ரசாயன மாற்றத்தை நடத்திவைத்துவிட்டுத் தான் மாறாமல் இருப்பது. கல்லூரியில் அது எனக்கு வேதவாக்கு. மாறாமல் இருக்கும் அந்த மனம் எத்தனை மில்லிமோலில் மாறாமல் இருந்தது என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அபத்தமான கேள்விதான். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது அபத்தமாகத் தெரியவில்லை.

அதைவிட உறுத்தியது வேறு. தொனி, நடை, குரல் என்று பதினைந்து வருஷமாக எழுதிவருகிறேன். பேர் போடாமல் ஒரு பத்தியைக் கொடுத்தால் யார் எழுதியது என்று சொல்லிவிடுவேன் என்று பந்தயம் கட்டியிருக்கிறேன். அந்த மூன்று வாக்கியங்களும் அப்பாவின் குரல் இல்லை என்பதைக் கண்டுபிடித்தது எட்டாம் வகுப்பு வரை படித்த அம்மா.

நான்காம் நாள் சாயங்காலம் அப்பா பழைய அப்பாவாக எழுந்து உட்கார்ந்தார். முதல் கேள்வி, 'ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகுது?' கட்டண விவரத்தை வாங்கி இரண்டு முறை கூட்டினார். தப்பில்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் ஏமாற்றம். நடந்தது எதுவும் ஞாபகமில்லை என்றார்.

வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்து, தைரியம் வந்து, முதல் வரியை மட்டும் படித்துக் காட்டினேன். யார் சொன்னது என்று சொல்லவில்லை. கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார்.

'ஆமா. தொண்ணூத்திரெண்டு. நவம்பர்' என்றார்.

1992 நவம்பரில் தாமிரபரணி கரை புரண்டபோது நாங்கள் சிந்துபூந்துறையில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு மூன்று வயது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்தது என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்பா அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. 2023 டிசம்பரில் மறுபடியும் ஆறு ஊருக்குள் வந்தபோதும், பாளையங்கோட்டை மேட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, டெலிவிஷனில் ஜங்ஷன் முங்கிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது சொன்னார், கணக்கு ஒப்புவிப்பது போல. தண்ணீர் வடிந்த பிறகு வீட்டுக்குள் ஒரு சாண் உயரத்துக்கு வண்டல். எதன்மேலும் உட்கார முடியவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து பாய் வாங்கி வண்டலின் மேலேயே போட்டு, அதில் உன்னை உட்கார வைத்தோம். கடையிலும் தண்ணீர். பேரேடுகள் ஊறிவிட்டன. நானும் உன் சித்தப்பாவும் ஒவ்வொரு தாளாகப் பிரித்து மாடியில் காயப்போட்டோம். மை கரைந்து எழுத்தெல்லாம் ஓரத்துக்குப் போய்விட்டது. யார் யாருக்குப் பாக்கி என்று தெரியவில்லை. முதலாளி என்னை நம்பி, ஞாபகத்திலிருந்து எழுதச் சொன்னார். ஒன்பது மாசக் கணக்கு. எழுதிக் கொடுத்தேன்.

'சரியா வந்துதாப்பா?'

'முந்நூத்திப் பதினாலு ரூபா இடிச்சுது. எங்கேன்னு கடைசி வரைக்கும் தெரியல.'

அம்மா மோர் கொண்டுவந்து வைத்தாள். உப்புப் போட்டது. குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

ஆணிகளைப் பற்றி மெல்லக் கேட்டேன். அந்த வீட்டில் சுவரில் ஆணி ஏதாவது, தண்ணீர் வந்தபோது எதையாவது மாட்டி வைத்தீர்களா என்று.

'ஆணியா?' என்றார். யோசித்துப் பார்த்தார். 'அப்படி ஒண்ணும் இல்லையே.'